நாற்பதுக்கு மேல் ஃபிளமெங்கோ கிதார் கத்துக்கிறவங்க இருக்கீங்களா?

வணக்கம் நண்பர்களே. எனக்கு 44 வயசு, வேலை ஸ்பெயினில் செவில் நகரத்தில். பாட்டும் ஆட்டமும் கிதாரும் சேர்ந்த இந்த ஊர் இசைதான் ஃபிளமெங்கோ; அஞ்சு வருஷமா அதோட கிதார் கத்துக்கிறேன்.

வீட்டில் தனியா வாசிச்சா சோலெயாங்கிற ஃபிளமெங்கோ வகை ஓரளவு நிக்குது. பன்னிரண்டு அடி, 3, 6, 8, 10, 12-ல் அழுத்தம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிடுவேன். போன வாரம் ஒரு நடன வகுப்பில் வாசிக்கக் கூப்பிட்டாங்க. ஆடுறவங்க காலடி வேகமெடுத்ததும் 10-வது அடியில் முடிக்க வேண்டியதைத் தவறவிட்டேன். ரஸ்கேயாதோவில் (விரல்களை ஒண்ணொண்ணா விரிச்சு கம்பிகளை மீட்டுறது) மோதிர விரல் நகம் கம்பியில் மாட்டி, கை அப்படியே நின்னுடுச்சு. ஆடின அம்மா ஒருமுறை திரும்பிப் பார்த்தாங்க, அவ்வளவுதான். ரெண்டு நாள் பெட்டியையே திறக்கலை.

ஃபிளமெங்கோ கிதார் மேதை பாக்கோ தெ லூசியா சின்ன வயசிலேயே அப்பாகிட்ட ஆரம்பிச்சவர். அந்த உயரம் எனக்கு வராது, தெரியும். ஆனா ஆசை விடமாட்டேங்குது. தனிக்கச்சேரி வேண்டாம், ஒரு பாடகர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் மூச்சு வாங்குற இடம் தெரிஞ்சு வாசிக்கணும்.

லேட்டா ஆரம்பிச்சவங்க சொல்லுங்க. பிக்காதோ (ரெண்டு விரலை மாத்தி மாத்தி ஒத்தை ஸ்வரமா வாசிக்கிறது) மெட்ரோனோம் 120-ல், அதாவது நிமிஷத்துக்கு 120 அடியில், அடிக்கு நாலு ஸ்வரத்தோட நிக்குது, ஒரு வருஷமா நகரலை. இதுக்கு மேல வேகம் வந்ததா? இல்லை, வேகத்தை விட்டுட்டு கைத்தட்டல், தாளம்னு போகணுமா? அந்த வகுப்புக்கு வர்ற வியாழன் திரும்பக் கூப்பிட்டிருக்காங்க. போகலாமா, இன்னும் ஆறு மாசம் வீட்டிலேயே பழகட்டுமா?