ட்ரையர் சுற்றுகிறது, சூடு வரவில்லை: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

கல்லடியான்:
மாரியில் இங்கே உடுப்புக் காயவைக்கிற பாடு எல்லாருக்கும் தெரியும். எங்கள் வீட்டில் கைப்பிள்ளை வேறு. கார்த்திகையில் ஒரு நாள் டிரம் சுற்றுகிறது, காற்று வருகிறது, சூடு மட்டும் இல்லை. மெஷின் திருத்துகிற பாஸ் ஒருவர் வந்தார், கொஞ்ச நேரத்தில் சூடு வந்தது, காசை வாங்கிக்கொண்டு போனார். சில கிழமையில் கருகும் மணம். மச்சான் வந்து பின்மூடியைக் கழற்றினான். தெர்மல் பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு துண்டுச் செப்புக் கம்பி! இரண்டு வயரையும் நேரே சேர்த்து முறுக்கிவிட்டிருக்கிறார். சூடு தருகிற சுருள் (எலமென்ட்) இருக்கும் பெட்டியின் ஓரத்தில் பஞ்சு பழுப்பாகக் கருகி ஒட்டியிருந்தது. மெஷின் நிற்கிற சுவருக்கு மறுபக்கம்தான் பிள்ளையின் தொட்டில். அளவுக்கு மிஞ்சிச் சூடேறினால் கரண்டை வெட்டுவதற்கென்றே வைத்த சாமான் அந்தத் தெர்மல் பியூஸ். கம்பியைப் போட்டால் வெட்ட ஒன்றுமில்லை. அந்த மனிசன் மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

சாய்ந்தமருது உம்மா:
அல்லாஹ் காப்பாற்றினான் தம்பி. எங்களுடையது வேறு மாதிரி. ளுஹருக்கு முன் போட்டால் நன்றாகக் காய்கிறது, மஃரிபுக்குப் பிறகு போட்டால் ஈரமாகவே வருகிறது. மெஷின் பழுது என்று சொல்லி எத்தனை பேர் வந்து பார்த்தார்கள்! கடைசியில் மகன் மீட்டரைப் பிளக்கில் வைத்துக் காட்டினான். பகலில் 228 வோல்ட், இரவில் 188. "உம்மா, 230 வோல்ட்டில் 2000 வாட் சூடு தருகிற எலமென்ட் இந்த 188இல் 1340 வாட் அளவுதான் தரும், வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினாலும் சூடு அதைவிடக் கூட இறங்கும்" என்றான். அந்த 188ஐப் பார்த்ததும் எனக்கு மனம் விட்டுப்போனது. இரவில் எங்கள் லைனில் எல்லா வீட்டிலும் ஏசி ஓடுகிறது, யாரிடம் போய்ச் சொல்ல?

வாவிக்கரை:
உம்மா குறை நினைக்க வேண்டாம், எல்லாப் பழியையும் வோல்டேஜில் போடுவதை நான் ஏற்கமாட்டேன். செங்கலடியில் அக்கா வீட்டிலும் அப்படித்தான் சொன்னார்கள். மெஷினை இழுத்துப் பார்த்தால் பின்னால் காற்றுக்குழாய் சுவரோடு நசுங்கிக் கிடந்தது, அவ்வளவுதான்.

சூடான ஈரக்காற்று வெளியே போகாவிட்டால் உள்ளே வெப்பம் தேங்கும், சூட்டைக் கட்டுப்படுத்துகிற தெர்மோஸ்டட் எலமென்டை அடிக்கடி நிறுத்திவிடும், நமக்குச் சூடு போதவில்லை என்று தோன்றும். அதனால் முதலில் குழாயைக் கழற்றிவிட்டு, பக்கத்திலேயே நின்று கொஞ்ச நேரம் ஓட்டிப் பாருங்கள். அப்போது சரியாகக் காய்ந்தால் அடைப்புக் குழாயில்தான். பஞ்சு வலையை ஒவ்வொரு முறையும் எடுக்க வேண்டும். உடுப்போடு சேர்த்து வாசனைத் தாள் போடுகிறவர்கள் அந்த வலையில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் இறங்காமல் நின்றால் மெழுகு படிந்திருக்கிறது, சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். அப்புறம் மூடியைக் கழற்றுகிறீர்கள் என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான். மீட்டரை ஓமில் வைத்து எலமென்டைப் பாருங்கள், 2000 வாட் என்றால் 26 ஓம் அளவு காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் சுருள் அறுந்துவிட்டது. கடற்கரைப் பக்கம் வயர் முனைகள் பச்சை பிடித்திருக்கும், அவை தளர்ந்தாலும் சூடாகிக் கருகும். கல்லடியான், நீங்கள் புது பியூஸ் மட்டும் போட்டு விடாதீர்கள். அது எரிந்ததற்குக் காரணம் பெரும்பாலும் காற்று அடைப்புத்தான், அதை எடுக்காவிட்டால் அடுத்ததும் எரியும்.

சாய்ந்தமருது உம்மா:
தம்பி, எங்கள் மெஷினில் குழாயே இல்லை, தண்ணீர் தொட்டியில் சேர்கிற வகை. ஈரக்காற்றைத் தண்ணீராக்குகிற கண்டென்சரை ஒவ்வொரு வெள்ளியும் நானே கழுவுகிறேன். அடைப்பு என்றால் பகலில் மட்டும் எப்படிக் காயும்?

வாவிக்கரை:
அப்படியென்றால் உங்களுக்கு வோல்டேஜ்தான் உம்மா, சரி. குழாய் இருக்கிறவர்களுக்கு நான் சொன்னது சொன்னதுதான்.

பொத்துவில் லோண்டரி:
எங்களுடையது கேஸ் ட்ரையர், அறுகம்பே விடுதித் துவாய்கள் எல்லாம் இதில்தான். தொடக்கத்தில் நல்ல சூடு, கொஞ்ச நேரத்தில் பச்சைத்தண்ணீர் மாதிரி. சிலிண்டரை மாற்று, ரெகுலேட்டரை மாற்று என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். தரையில் படுத்து, கீழ்மூடியின் துளையால் பார்த்துக்கொண்டே கிடந்தேன். கேஸைப் பற்றவைக்கிற இக்னைட்டர் செக்கச்செவேலென்று சிவந்தது, "இதோ பிடிக்கப் போகிறது" என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். தீ வராமலே அணைந்துவிட்டது. மறுபடி சிவந்தது, மறுபடி அணைந்தது. கேஸ் வால்வைத் திறக்கிற காயில் சூடானதும் செயலிழக்கிறது, ஆறினால் திரும்ப வேலை செய்கிறது. அதனால்தான் காலையில் முதல் லோட் எப்போதும் நன்றாக வந்திருக்கிறது! காயில்களை மாற்றியதிலிருந்து தொல்லை இல்லை. இக்னைட்டர் சிவக்கவே இல்லை என்றால் காயிலைத் தொட வேண்டாம், இக்னைட்டரையும் பியூஸையும் பாருங்கள். கல்முனையிலோ மட்டக்களப்பிலோ இந்தக் காயில் எடுக்கக்கூடிய கடை தெரிந்தால் சொல்லுங்கள், சீசனுக்கு முன் ஒரு சோடி கையில் வேண்டும்.