ஆஸ்கர் மேடையில் தமிழ்: சாட்ஸ்வொர்த்திலிருந்து என் அனுபவம்

தென்னாப்பிரிக்காவில், எங்கள் சாட்ஸ்வொர்த் இருக்கும் டர்பன் பக்கம், நம்மவர்களில் பலருக்குத் தமிழ் கோயிலோடு நின்றுவிட்டது. 1860-இல் தொடங்கி சென்னையிலிருந்து கப்பலேறிக் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் பேச்சு, எங்கள் தலைமுறைக்குத் தேவாரமாகவும் காவடிப் பாட்டாகவும்தான் மிஞ்சியது. வீட்டில் ஆங்கிலம். பெரியவர்கள் மட்டும் தங்களுக்குள் தமிழ் பேசிக்கொள்வார்கள்.

2009 பிப்ரவரியில் நடந்த 81-வது ஆஸ்கர் விழாவைக் குடும்பமாக உட்கார்ந்து பார்த்தோம். லாஸ் ஏஞ்சலஸில் ஞாயிறு மாலை, எங்களுக்குத் திங்கள் அதிகாலை மூன்றரை மணி. 'ஸ்லம்டாக் மில்லியனர்' அன்று 8 விருதுகளை அள்ளியது. அதில் 2 ஏ.ஆர்.ரஹ்மானுக்கு, பின்னணி இசைக்கும் பாடலுக்கும். மேடையில் அவர் "எல்லாப் புகழும் இறைவனுக்கே" என்று சொன்னார். அதுவரை தேநீர்க் கோப்பையோடு சும்மா உட்கார்ந்திருந்த என் அம்மா சட்டென்று நிமிர்ந்து, "நம்ம பேச்சுல பேசுறாரு!" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். என்னைக் கேட்டால் விருது வாங்கிய 'ஜெய் ஹோ' அவருடைய மிகச் சிறந்த பாட்டு இல்லை. 1992-இல் 'ரோஜா'வில் கேட்ட ரஹ்மான்தான் எனக்கு என்றும் பெரியவர். ஆனால் அன்று எங்களை உலுக்கியது பாட்டு அல்ல. உலகமே பார்க்கும் இடத்தில் ஒருவர் கூச்சமே இல்லாமல் தமிழில் பேசியதுதான்.

இந்த நாட்டுக்காரர்களாக அதே பூரிப்பை மூன்று வருடம் முன்பே அனுபவித்திருந்தோம். 2006-இல் எங்கள் நாட்டுப் படம் 'சோட்சி' ஆஸ்கரில் சிறந்த வெளிநாட்டு மொழிப் படமானது. இயக்குநர் கேவின் ஹூட் "என்கோசி சிகெலெல் ஆஃப்ரிகா" என்று தேசிய கீதத்தின் முதல் அடியை மேடையிலேயே சொல்லி, அதில் நடித்த பிரெஸ்லி ச்வெனெயாகாயையும் டெரி பெட்டோவையும் அரங்கில் எழுந்து நிற்கச் சொன்னார். பக்கத்து வீட்டு ஜூலு குடும்பம் அன்று பட்ட பெருமை, ரஹ்மானைக் கேட்டபோதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

அப்புறம் என்ன ஆனது என்றால், கோயில் மண்டபத்துச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு முணுமுணுத்துக்கொண்டே போய்வந்த என் மகன், அந்த வாரம் ரஹ்மான் சொன்னதைத் தமிழில் எழுதித் தரச் சொன்னான். 'ழ' எழுதத்தான் ரொம்ப நேரம் பிடித்தது. பிறகு அவனே பாட்டு வரிகளை ஆங்கில எழுத்தில் இறக்கி, அர்த்தம் கேட்டுப் பாட்டியிடம் போய் உட்கார ஆரம்பித்தான். அம்மா கடைசிவரை அவனோடு தமிழில்தான் பேசினார்.

மொரீஷியஸ், ரீயூனியன் நண்பர்களே, அந்த விருதுக்குப் பிறகு உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் ஏதாவது மாறியதா? எழுதுங்கள்.