மிக்-21 திருப்பத்தில் வேகத்தை இழப்பது ஏன்? சிமுலேட்டரில் காண்பது அசல் விமானத்தின் இயல்புதானா?

காட்பாடி வாசகன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அரக்கோணத்தில் உள்ள உறவினர் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் ராஜாளி கடற்படைத் தளத்திலிருந்து எழும்பும் பி-8ஐ விமானங்களைப் பார்த்துத் தொடங்கிய ஆர்வம், இப்போது என்னைக் கணினியில் போர் விமானம் ஓட்டும் அளவுக்குக் கொண்டுவந்திருக்கிறது. டிசிஎஸ் வேர்ல்ட் சிமுலேட்டரில் நம் விமானப்படை நெடுங்காலம் பயன்படுத்திய மிக்-21பிஸ் ரகத்தையும் மிராஜ் 2000 ரகத்தையும் மாறி மாறி ஓட்டிப் பழகுகிறேன்.

என் கேள்வி மிக்-21 பற்றியது. மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் திருப்பத்தைத் தொடங்கி, ஜாய்ஸ்டிக்கை முழுவதுமாக இழுத்துப் பிடித்தால், ஆஃப்டர்பர்னர் (இஞ்சினின் பின்பகுதியில் கூடுதல் எரிபொருளை எரித்து உந்துவிசையைக் கூட்டும் அமைப்பு) எரிந்துகொண்டிருக்கும்போதே ஒரு சுற்று முடிவதற்குள் வேகம் பாதியாகிவிடுகிறது. எதிரில் வரும் மிக்-29 அதற்குள் என் பின்னால் வந்து அமர்ந்துவிடுகிறது. மிராஜிலும் வேகம் குறைகிறது என்றாலும், முதல் திருப்பத்தில் அதன் மூக்கு வியக்கத்தக்க வகையில் விரைவாகத் திரும்புகிறது. இரண்டுமே முக்கோண வடிவ டெல்டா இறக்கை கொண்டவை என்னும்போது இந்த வேறுபாடு ஏன்? தரையிறங்கும்போதும் ஓர் ஐயம் உண்டு. ஓடுபாதையை நெருங்குகையில், இஞ்சினின் விசையைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலை முழுவதும் குறைத்தால், வேகம் போதுமான அளவு இருக்கும்போதே மிக்-21 பொத்தென்று கீழே இறங்குகிறது. இவையெல்லாம் அசல் விமானத்தின் குணங்களா, அல்லது விளையாட்டை உருவாக்கியவர்கள் கடினமாக இருக்கட்டும் என்று வைத்தவையா? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

சத்துவாச்சாரி ஆசிரியர் எழுதியது:

வணக்கம். நான் விமானப் பொறியியல் கற்பிப்பவன் என்பதால் திருப்பம் பற்றிய கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும். நீங்கள் காண்பது பெரும்பாலும் அசல் விமானத்தின் இயல்புதான்.

விமானம் மட்டமாகப் பறக்கும்போது அதன் இறக்கை விமானத்தின் எடைக்குச் சமமான தூக்கு விசையைத் தந்தால் போதும். 60 பாகை சாய்த்து உயரம் குறையாமல் திரும்பினால் அது எடையைப் போல் இரு மடங்கு தூக்கு விசையைத் தர வேண்டும்; அதைத்தான் 2 ஜி என்கிறோம். தூக்கு விசையை உண்டாக்குவதற்காக இறக்கை ஒரு விலை கொடுக்கிறது. இறக்கையின் நுனிகளில் காற்று கீழ்ப்புறமிருந்து மேல்புறம் சுழன்றேறுவதால் ஏற்படும் இழுவையே அந்த விலை. ஒரே வேகத்தில் இந்த இழுவை ஜி மதிப்பின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். அதாவது 4 ஜி திருப்பத்தில் அது மட்டப் பறத்தலில் இருப்பதைப் போல் 16 மடங்கு. அதே 4 ஜியில், இறக்கை தூக்கு விசையை இழக்கும் குறைந்தபட்ச வேகமும் இரு மடங்காகிறது. ஆக, நீங்கள் ஜாய்ஸ்டிக்கை இழுக்க இழுக்க ஒரு பக்கம் உங்கள் வேகம் இறங்குகிறது, மறு பக்கம் உங்களுக்குத் தேவையான வேகம் ஏறுகிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் விமானம் நடுங்கத் தொடங்குகிறது.

இந்த விலை எவ்வளவு என்பதை முடிவு செய்வது இறக்கையின் வடிவம். ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரையிலான இறக்கையின் முழு அகலத்தை வர்க்கப்படுத்தி அதைப் பரப்பால் வகுத்தால் ஒரு விகிதம் கிடைக்கும். மிக்-21இன் இறக்கை அகலம் 7.15 மீட்டர், பரப்பு 23 சதுர மீட்டர். விகிதம் சுமார் 2.2. மிராஜ் 2000க்கு 9.13 மீட்டர், 41 சதுர மீட்டர். விகிதம் சுமார் 2. மிக்-29க்கு இது 3.4. விகிதம் குறையக் குறைய இழுவை கூடும். உங்களைத் துரத்தும் மிக்-29இன் இரண்டு இஞ்சின்களும் சேர்ந்து அதன் எடையைவிடக் கூடுதலான உந்துவிசை தருகின்றன. மிக்-21பிஸ்ஸின் ஆர்-25 இஞ்சினோ ஆஃப்டர்பர்னருடன் சுமார் 7,100 கிலோ விசைதான் தருகிறது, விமானத்தின் எடை 8,700 கிலோவை ஒட்டி இருக்கிறது. எனவே மட்டத்திருப்பத்தில் மிக்-29ஐ மிக்-21 வெல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பதே நியாயமில்லை.

அப்படியானால் மிராஜ் ஏன் முதல் திருப்பத்தில் மட்டும் மின்னுகிறது என்று கேட்கிறீர்கள். எடையை இறக்கைப் பரப்பால் வகுத்துப் பாருங்கள். மிக்-21இல் ஒரு சதுர மீட்டர் இறக்கை சுமார் 380 கிலோவைத் தாங்குகிறது. மிராஜ் 10,000 கிலோ எடையில் பறந்தால் ஒரு சதுர மீட்டருக்கு 245 கிலோதான். பெரிய இறக்கை என்பதால் மூக்கைத் தூக்கிய உடனே அதற்கு ஏராளமான தூக்கு விசை கிடைக்கிறது. ஆனால் விகிதம் குறைவு என்பதால் இழுவையும் உடனே வந்து சேர்கிறது. மேலும், மிராஜைப் போல் கிடைமட்ட வால் இல்லாத பழைய டெல்டா விமானங்களில் மூக்கைத் தூக்க இறக்கையின் பின்விளிம்பை மேலே மடக்க வேண்டும். அது தூக்கு விசையையே குறைத்துவிடும். மிராஜ் 2000இல் எடை மையத்தைப் பின்னுக்குத் தள்ளி, விமானத்தை வேண்டுமென்றே நிலையற்றதாக அமைத்து, கணினி வழியாக நொடிக்கு நொடி திருத்தும் ஃப்ளை-பை-வயர் முறையைக் கொண்டுவந்ததால் இந்தக் குறை பெருமளவு நீங்கியது. சூலூர்த் தளத்தில் உள்ள நம் தேஜஸும் வால் இல்லாத டெல்டாதான், அதுவும் இதே வழியில் வந்ததுதான். அதன் விகிதம் 1.75 மட்டுமே.

ஆகவே மிக்-21இல் சுற்றிச் சுற்றித் திரும்புவதை விட்டுவிடுங்கள். வேகத்தோடு ஒரு முறை தாக்கிவிட்டு, ஜாய்ஸ்டிக்கைத் தளர்த்தி, வேகம் மிச்சமிருக்கும்போதே மேலே ஏறி விலகுங்கள். இடைமறிப்புக்காகவே வடிவமைக்கப்பட்ட விமானம் அது. 1971 போரில் கட்ச் வளைகுடாப் பகுதியில் அது எஃப்-104 ஸ்டார்ஃபைட்டரை வீழ்த்தியபோது எதிரியும் அதே வகையான சிற்றிறக்கை விமானமாக இருந்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

கம்மவான்பேட்டை முன்னாள் படைவீரர் எழுதியது:

தம்பிக்கு வணக்கம். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் தரைப்படைக்குப் போவது வழக்கம். நான் விமானப்படைக்குப் போய், இஞ்சின் பிரிவில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன். மிக்-21ஐக் கையால் தொட்டுப் பராமரித்தவன் என்பதால் தரையிறங்கும் கேள்விக்கு நான் பதில் எழுதுகிறேன்.

மிக்-21பிஸ்ஸில் எஸ்பிஎஸ் என்றொரு அமைப்பு உண்டு. தரையிறங்குவதற்காக, இறக்கையின் பின்விளிம்பில் உள்ள ஃபிளாப் என்ற மடிப்பலகையை முழுவதும் இறக்கியதும், இஞ்சினுக்குள் காற்றை அழுத்தும் கம்ப்ரஸரிலிருந்து பிரித்தெடுத்த அழுத்தக் காற்று, ஃபிளாப்பின் மேற்பரப்பின் மீது மெல்லிய படலமாகப் பாயும். அந்தப் பாய்ச்சல் இருக்கும் வரை ஃபிளாப்பின் மேல் செல்லும் காற்று பிரியாமல் ஒட்டியே செல்லும். இறக்கை சிறியதாக இருந்தும் விமானம் தாங்கி நிற்கும். த்ராட்டிலை ஒரேயடியாகக் குறைத்தால் கம்ப்ரஸரின் அழுத்தம் விழுந்துவிடும், பாய்ச்சல் வலுவிழந்துவிடும், தூக்கு விசை குறைந்துவிடும். வேகமானி காட்டும் எண் அப்படியே இருக்க, விமானம் கீழே அமர்வதற்கு இதுதான் காரணம். சிமுலேட்டரை உருவாக்கியவர்கள் இதையும் விட்டுவைக்காமல் சேர்த்திருக்கிறார்கள் என்பதைத் தங்கள் கேள்வியிலிருந்து அறிந்து உண்மையில் மகிழ்ந்தேன். இஞ்சினின் சுழற்சியை விடாமல் பிடித்துக்கொண்டே ஓடுபாதைக்குள் வாருங்கள். சக்கரங்கள் தரையைத் தொடும் வரை த்ராட்டிலைச் சிறிது சிறிதாக மட்டுமே குறையுங்கள்.

தொட்ட பிறகு பாராசூட்டை விரிக்க மறக்க வேண்டாம். பிஸ் ரகத்தில் அது செங்குத்து வாலின் அடியில், இஞ்சினின் வாய்க்கு மேலே உள்ள உருளைக் கூட்டுக்குள் இருக்கும். ஓடுபாதையின் கடைசியில் விமானி அதைக் கழற்றிவிட்டுப் போவார். தரைப்பணியாளர்கள் அதை எடுத்து வந்து, கயிறுகளைச் சிக்கெடுத்து, ஈரமிருந்தால் உலர்த்தி, மீண்டும் இறுக்கமாக மடித்து வைக்க வேண்டும். இந்த வேலையில் அவசரப்பட்டால் அடுத்த முறை துணி விரியாமல் போகும். ஆகவே மடிப்பவரின் கைமேல் அந்த விமானியின் உயிர் இருக்கிறது என்ற எண்ணத்தோடுதான் அதைச் செய்வோம். பிரேக்கும் அழுத்தக் காற்றால் இயங்குவது. கைப்பிடியில் உள்ள நெம்புகோலை அழுத்தும்போது காற்று சீறும் ஒலி தெளிவாகக் கேட்கும். மூக்குச் சக்கரத்தை விமானியால் திருப்ப முடியாது. பெடலை ஒரு பக்கம் மிதித்துக்கொண்டு பிரேக்கைப் பிடித்தால்தான் தரையில் விமானம் அந்தப் பக்கம் திரும்பும்.

சிமுலேட்டரால் தர முடியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். 7 ஜி திருப்பத்தில் 70 கிலோ எடையுள்ள மனிதர் 490 கிலோ கனப்பதுபோல் இருக்கையில் அழுத்தப்படுவார். தலையிலிருந்து இரத்தம் கீழிறங்கிப் பார்வை மங்கும். அதைத் தடுக்கவே கால்களையும் வயிற்றையும் இறுக்கும் ஜி-சூட்டை அணிகிறார்கள், மூச்சை அடக்கித் தசைகளை முறுக்குகிறார்கள். பறந்துவிட்டு இறங்கிய இளைஞர்கள் வேர்வையில் நனைந்து, ஏணியில் கால் வைக்கும்போது தள்ளாடியதைப் பார்த்திருக்கிறேன். திரையின் ஓரம் கறுப்பதை மட்டும் வைத்து அந்த உழைப்பை அளந்துவிடக் கூடாது. 1963இல் சண்டிகரில் சேவையில் சேர்ந்த அந்த விமானம் அதே சண்டிகரில் 2025 செப்டம்பர் 26 அன்று விடைபெற்றது. அதை இன்றைய இளைஞர்கள் கணினியிலாவது முறையாகக் கற்று ஓட்டுகிறார்கள் என்பது எனக்குப் பெரிய நிறைவு.

ஆரணி விமானப் பிரியன் எழுதியது:

இரு பெரியவர்களும் எழுதியதோடு, கருவிகளைப் பற்றிச் சிறிது சேர்க்கிறேன். நாம் வாங்கும் ஜாய்ஸ்டிக்கின் பிடி மிகக் குறுகிய தூரம்தான் நகரும். அசல் விமானத்தின் பிடி நீளமானது, அதன் நகர்வும் பெரியது. கையில் நாம் ஓர் அங்குலம் இழுப்பது விமானத்தில் பெரிய இழுப்பாகிவிடுகிறது. மிக்-21இல் வேகத்துக்கும் உயரத்துக்கும் ஏற்பப் பிடியின் இழுவிசையையும் வால் இறக்கை அசையும் அளவையும் தானாக மாற்றும் ஏஆர்யூ என்ற அமைப்பு இருந்தது. நம் ஜாய்ஸ்டிக்கின் ஸ்பிரிங்கோ எந்த வேகத்திலும் ஒரே மாதிரி இருப்பதால், எவ்வளவு இழுக்கிறோம் என்பதைக் கை உணர்வதில்லை. சிமுலேட்டரின் அமைப்புகளில், மூக்கை ஏற்றி இறக்கும் பிட்ச் அச்சுக்கு வளைகோடு சேர்த்து, நடுப்பகுதியின் கூர்மையைக் குறைத்துப் பாருங்கள். எதிர்வரும் காற்றுக்கும் இறக்கைக்கும் இடையிலான கோணத்தைச் சொல்லும் தாக்குகோணக் காட்டியின் முள்ளைச் சிவப்புப் பகுதிக்கு வெளியே வைத்துத் திரும்பப் பழகினால், கண் கையின் வேலையைச் செய்யும்.

உண்மைத்தன்மை பற்றிய கேள்விக்கு: பறக்கும் குணங்களை நம்பலாம், ஆனால் ரேடார், மின்னணுப் போர்க் கருவிகள், நவீன ஏவுகணைகள் ஆகியவற்றைச் சிமுலேட்டரில் கண்டபடியே உண்மை என்று கொள்ளக் கூடாது. மிக்-21பிஸ் பல நாடுகளிடம் இருந்த பழைய விமானம், அதன் கையேடுகள் வெளியே கிடைக்கின்றன. 2020 ஜனவரியில் தஞ்சாவூர்த் தளத்தில் பிரமோஸ் ஏவுகணையுடன் நிலைநிறுத்தப்பட்ட சுகோய்-30எம்கேஐ போன்ற, இன்றும் சேவையில் உள்ள விமானத்தின் உள்விவரங்களை யாரும் விளையாட்டுக்காகத் தர மாட்டார்கள், தரவும் கூடாது. மற்றவர்கள் உருவாக்கி இணையத்தில் பகிரும் சுகோய்களைத் தோற்றத்துக்காக ரசிக்கலாம். அவற்றை வைத்து எந்த விமானம் வலிமையானது என்று வாதிடுவதில் பொருளில்லை.

காட்பாடி வாசகன் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா சொன்னபடி இஞ்சின் சுழற்சியைக் குறைக்காமல் வந்தபோது மிக்-21 மெதுவாக அமர்ந்தது. இன்னும் இரண்டு ஐயங்கள். பிஸ் ரகத்தில் அவசர ஆஃப்டர்பர்னர் என்று இரண்டாவதாக ஒன்று இருக்கிறதே, அதைத் திருப்பத்தின்போது தொடர்ந்து பயன்படுத்தலாமா? சிமுலேட்டரின் வானிலைப் பகுதியில் நம் வேலூர்க் கத்திரி வெயிலைப் போல் 42 பாகை வைத்தால் விமானத்தின் போக்கு மாறுமா?

சத்துவாச்சாரி ஆசிரியர் எழுதியது:

அவசர நிலை 4,000 மீட்டருக்குக் கீழே மட்டும் பயன்படுவது. அதிகபட்சம் 3 நிமிடம். தாழ்ந்த உயரத்தில் ஒலிவேகத்தை ஒட்டிப் பறக்கும்போது அது 9,900 கிலோ வரை உந்துவிசை தரும். ஆனால் நீங்கள் வேகம் இழந்து 400இல் தத்தளிக்கும்போது அதே அளவு விசை கிடைக்காது. எரிபொருள் மட்டும் வேகமாகத் தீரும், உள்ளே இருப்பதோ சுமார் 2,880 லிட்டர்தான். எனவே திருப்பத்தில் இழந்த வேகத்தை மீட்க அதை நம்புவதைவிட, மோதலுக்கு முன் வேகம் சேர்க்கவும், முடிந்ததும் விலகவும் வைத்துக்கொள்ளுங்கள்.

வெப்பநிலை பற்றிய கேள்வி மிக நல்ல கேள்வி, கட்டாயம் செய்து பாருங்கள். கணக்குகளில் அடிப்படையாகக் கொள்ளும் 15 பாகையோடு ஒப்பிட்டால், 42 பாகையில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 9 விழுக்காடு குறைகிறது. இஞ்சினுக்குள் போகும் காற்றின் நிறை குறைவதால் உந்துவிசை குறையும். வேகமானி அதே எண்ணைக் காட்டினாலும் விமானம் காற்றில் உண்மையாக நகரும் வேகம் 4 விழுக்காட்டுக்கும் மேல் கூடியிருக்கும். அதனால் தரையை விட்டு எழும்ப வேண்டிய ஓட்டம் வெகுவாக நீளும், இறங்கிய பின் நிற்கும் தூரமும் நீளும், அதே வேகமானி அளவிலும் அதே ஜியிலும் போடும் வட்டத்தின் ஆரம் 9 விழுக்காடு பெரிதாகும். முதலில் 15 பாகையிலும் பிறகு 42 பாகையிலும், ஒரே எரிபொருள் அளவோடு, ஒரே ஓடுபாதையிலிருந்து எழும்பி, சக்கரம் தரையை விடும் இடத்தைக் குறித்து வைத்து இங்கே எழுதுங்கள். என் மாணவர்களுக்கும் அது பயன்படும்.