சீஷெல்ஸ் கடற்கரையில் குடும்பத்தோடு குடியேறுவது குறித்து

கேள்வி: பொருநைக்கரையாள்

அனைவருக்கும் வணக்கம். என் கணவருக்கு சீஷெல்ஸ் நாட்டின் தலைநகரான விக்டோரியாவில் இரண்டாண்டு ஒப்பந்தத்தில் கணக்காளர் வேலை கிடைத்துள்ளது. மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு நான்கு. போ வல்லோன் கடற்கரையை ஒட்டிய ஒரு வீட்டின் படங்களை நிறுவனத்தார் அனுப்பியிருக்கிறார்கள். பார்த்தால் மனம் மயங்கத்தான் செய்கிறது; ஆனால் நான்கு நாள் விடுமுறைக்கு வருகிறவர் காணும் கடலும், அங்கேயே சமைத்துத் துவைத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறவர் காணும் கடலும் ஒன்றாக இருக்குமா என்ற ஐயம் விடவில்லை. பாளையங்கோட்டையில் பார்த்துவரும் ஆசிரியை வேலையை விட்டுவிட்டு நான் கிளம்ப வேண்டும். அந்த வீட்டை எடுக்கலாமா? அங்கு வாழ்ந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: மாஹேவாசி

சகோதரி, பதினோரு ஆண்டுகளாக, விக்டோரியா அமைந்துள்ள மாஹே தீவில் குடும்பத்தோடு இருக்கிறேன். வீட்டைப் பற்றிய விடை எளிது. போ வல்லோன் தீவின் வடமேற்கில் இருப்பதால், மே முதல் செப்டம்பர் வரை தென்கிழக்குக் காற்று வீசும் மாதங்களில் அங்கே கடல் குளம்போலக் கிடக்கும். டிசம்பர் முதல் மார்ச் வரை வடமேற்குப் பருவக்காற்றில் மழையும் அலையும் அந்தப் பக்கம் திரும்பிவிடும். உப்புக் காற்றில் மிக்சியின் திருகாணி முதல் கதவுக் கீல் வரை துருப்பிடிக்கும். விக்டோரியாவுக்குச் சில கிலோமீட்டர்தான் என்றாலும், இடையே ஒரு மலைச்சாலை ஏறி இறங்க வேண்டும்.

வீட்டுக்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு. உங்கள் கணவருக்கு நிறுவனம் வாங்கித் தருவது ஜி.ஓ.பி. எனப்படும் வேலை அனுமதி. நீங்களும் பிள்ளைகளும் அவரைச் சார்ந்தவர் என்ற அனுமதியில்தான் வருவீர்கள்; அதை வைத்துக்கொண்டு நீங்கள் சம்பளத்துக்கு வேலை செய்ய இயலாது. ஒரு பள்ளி உங்களை எடுக்க முன்வந்தாலும், உங்கள் பெயரில் தனியாக ஜி.ஓ.பி. வாங்கியாக வேண்டும். என் மனைவி ஆய்வக நுட்பநர்; இந்த விவரம் தெரியாமல் வந்து, முதல் இரண்டு ஆண்டுகளைப் பால்கனியில் கடலைப் பார்த்தபடியே கழித்தார். அந்தக் கடலை இன்றும் அவருக்குப் பிடிக்காது. ஆகவே, குடும்பத்தாரின் அனுமதிக் கட்டணமும் பள்ளிக் கட்டணமும் யார் பொறுப்பு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

மகனைப் பொறுத்தவரை இன்னொன்று. அரசுப் பள்ளிகளில் தொடக்க வகுப்புகள் உள்ளூர் மக்கள் பேசும் க்ரியோல் மொழியில் நடக்கும், பிறகுதான் ஆங்கிலம். இரண்டு ஆண்டில் ஊர் திரும்புகிறவர்களுக்கு ஆங்கிலவழித் தனியார் பள்ளியே பொருந்தும்.

பதில் 2: ஈரப்பலா

மாஹேவாசி ஐயா சொன்ன அனுமதி விவரம் முற்றிலும் சரி; க்ரியோல் பற்றிச் சொன்னதில்தான் எனக்கு உடன்பாடில்லை. நாங்கள் தென்கிழக்கில் ஆன்ஸ் ரோயாலில் இருக்கிறோம். என் மகன் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு மணலில் விளையாடியே ஆறு மாதத்தில் க்ரியோல் பேசினான். அவன் வழியாகத்தான் எங்களுக்கு அண்டை வீடுகளின் கதவு திறந்தது. ஆங்கிலத்தில் பேசினால் கடைக்காரர் பதில் சொல்வார். ‘பொன்சூர்’ என்று க்ரியோலில் வணக்கம் சொல்லித் தொடங்கினால் நலம் விசாரிப்பார். பள்ளி எதுவானாலும், மாலை விளையாட்டைத் தடுக்காதீர்கள்.

தங்கச்சி, நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இங்கே மலேரியா கிடையாது, எலிக்காய்ச்சல் உண்டு. மழைக்குப் பின் தேங்கும் நீரிலும் சேற்றிலும் பிள்ளைகளை வெறுங்காலோடு விடாதீர்கள். கடுங்காய்ச்சலும் தசைவலியும் சேர்ந்து வந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

தனிமையைப் பற்றி அஞ்ச வேண்டாம். விக்டோரியாவில் நவசக்தி விநாயகர் கோயில் இருக்கிறது. தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறார்கள். வந்த புதிதில் ‘பிள்ளை’ என்று பெயர்ப்பலகை போட்ட வீட்டைக் கண்டு, ஆசையோடு தமிழில் பேசப் போனேன். சிலுவை அணிந்த ஒரு பாட்டி சிரித்துக்கொண்டே க்ரியோலில் பதில் சொன்னார். 1770இல் இங்கு வந்த முதல் குடியேறிகளிலேயே இந்தியர் ஐவர் இருந்தார்களாம்; அவ்வளவு பழைய உறவில் பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

பொருநைக்கரையாள்

இருவருக்கும் மிக்க நன்றி. வீட்டைத் தேர்வு செய்வதை ஒத்திவைத்துவிட்டு, அனுமதி பற்றி நிறுவனத்துக்கு எழுதும்படி கணவரிடம் சொல்லிவிட்டேன். என் பெயரில் வேலை அனுமதி கிடைக்க வழியில்லை என்றால், அவர் முதலில் போய் ஆறு மாதம் இருந்து பார்க்கட்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். தாத்தா பாட்டியோடு பிள்ளைகள் பேச நேரம் ஒத்துவருமா? கிரைண்டர் எடுத்து வரலாமா?

மாஹேவாசி

நல்ல முடிவு, சகோதரி. இங்கு மணி இந்தியாவைவிட ஒன்றரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். மாலை ஆறரைக்கு அழைத்தால் ஊரில் இரவு எட்டு, பெரியவர்கள் விழித்திருப்பார்கள். கிரைண்டரைத் தாராளமாகக் கொண்டு வாருங்கள், நம் ஊர் மின்னழுத்தத்துக்கு நெருக்கமானதுதான். இங்கே சுவரில் இருப்பது இங்கிலாந்தில் உள்ளதுபோன்ற சதுர முனைச் செருகிக்கான துளை என்பதால், செருகியை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். மாவைப் பாதி நேரம் மட்டும் வெளியே வையுங்கள். இந்த வெக்கையில் விடியுமுன் பொங்கி வழிந்துவிடும்.