அண்டா ஸ்டிக்கருக்கு ஒரு வழி சொல்லுங்க

ஈரோட்டில் வாங்கிய 20 லிட்டர் எவர்சில்வர் அண்டா, உள்ளே அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஸ்டிக்கர். சின்னப் பாத்திரம் என்றால் அடுப்பில் பின்பக்கத்தை லேசாகச் சூடு காட்டுவேன், பசை இளகி முழுசாக உரிந்து வந்துவிடும். இதில் அவசரப்பட்டு நகத்தால் சுரண்டப்போய் மேல்தாள் மட்டும் கிழிந்து, பசை பிசுபிசுவென்று அப்படியே நிற்கிறது. தேங்காய் எண்ணெய் தடவி அரை மணி நேரம் ஊறவிட்டேன், பாதிதான் போனது. கத்தியை எடுத்தால் கீறல் விழும் என்று அம்மா சத்தம் போடுகிறார். மண்ணெண்ணெய்க்குப் போகும்தான், ஆனால் குடிதண்ணீர் பிடிக்கிற அண்டாவாச்சுங்களே! ஹேர் டிரையர் சூடு இதற்குப் போதுமா, யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா? அப்புறம், ஸ்டிக்கரை உள்ளே ஒட்டுகிற புண்ணியவான் யாருங்க? ஞாயிற்றுக்கிழமை வீட்டில் விசேஷம், அதற்குள் சொன்னால் நல்லாயிருக்கும்.