1472-லேயே கோர்ட்டே ரியல் நியூஃபவுண்ட்லாந்து போனாரா?

அலைவாசி:
கொலம்பஸுக்கு 20 வருடம் முன்பே போர்ச்சுகீசிய மாலுமி ஜொவாவ் வாஸ் கோர்ட்டே ரியல் இன்றைய கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து போய்வந்தார், அதற்குப் பரிசாகத்தான் அசோர்ஸ் தீவுக்கூட்டத்திலுள்ள டெர்சைரா தீவின் அங்ரா பகுதி கிடைத்தது என்கிறார்கள். இதற்குப் பட்டயம் ஏதாவது உண்டா?

பாய்மரம்:
பட்டயம் உண்டு, அதில் இந்தக் கதை இல்லை. 1474 ஏப்ரல் 2-ல் இளவரசி பியாட்ரிஸ் அங்ராவை அவருக்கு எழுதிக்கொடுத்தார். மேற்கே நிலம் கண்டதாக அதில் ஒரு வரி கிடையாது. தீவின் முதல் தலைவர் ஜாக்கோமே டி புரூஜஸ் காணாமல் போனதால் பதவி காலியாக இருந்தது; தீவை இரண்டாகப் பிரித்து பிராயா பகுதியை அல்வரோ மார்ட்டின்ஸ் ஓமெமுக்குக் கொடுத்தார்கள். கோர்ட்டே ரியலும் ஓமெமும் 'காட் மீன் நிலத்திலிருந்து' (இதைத்தான் நியூஃபவுண்ட்லாந்து என்கிறார்கள்) வந்து இறங்கினார்கள் என்று எழுதியவர் அசோர்ஸ் வரலாற்றாசிரியர் காஸ்பர் ஃப்ருத்துவோசோ, அதுவும் ஏறக்குறைய நூறு வருடம் கழித்து.

அலைவாசி:
டேனிஷ் கடிதம் ஒன்றையும் காட்டுகிறார்களே?

வடமீன்:
கீல் நகரத் தலைவர் கார்ஸ்டன் கிரிப் 1551-ல் டென்மார்க் அரசருக்கு எழுதியது. போர்ச்சுகல் அரசர் கேட்டுக்கொண்டபடி பைனிங், போத்தோர்ஸ்ட் என்ற இரண்டு மாலுமிகளை வடக்கே அனுப்பினார்கள் என்கிறது. கோர்ட்டே ரியல் பெயரே அதில் இல்லை. 1920-களில் டேனிஷ் ஆய்வாளர் சோபஸ் லார்சன்தான் இந்தக் கடிதத்தையும் ஃப்ருத்துவோசோவையும் ஒட்டவைத்து ஒரே பயணமாக்கினார். இரண்டு பலவீனமான சான்றுகளைச் சேர்த்தால் ஒரு வலுவான சான்று ஆகிவிடாது.

கோர்ட்டே ரியலின் மகன் காஸ்பர் விஷயம் வேறு. 1500 மே 12-ல் புது நிலம் தேட அவருக்குப் பட்டயம். அதிலும் அப்பாவின் கண்டுபிடிப்பு பற்றிப் பேச்சில்லை. 1501-ல் வடமேற்கே போன அவர் கப்பல் திரும்பவில்லை, ஆனால் உடன் போன கப்பல்கள் லிஸ்பன் சேர்ந்தன. அவற்றில் கொண்டுவரப்பட்ட பூர்வகுடிகளிடம் பொன்முலாம் பூசிய உடைந்த வாள்துண்டும், ஒரு பையன் காதில் வெள்ளி வளையங்களும் இருந்ததாக வெனிஸ் தூதர் பாஸ்குவாலிகோ அந்த அக்டோபரிலேயே எழுதினார். அவை இங்கிலாந்து சார்பில் அதற்கு முன் அங்கே போன ஜான் கபோட்டின் ஆட்களிடமிருந்து வந்தவையாக இருக்கலாம். அதே மாதத்தில் எழுதிய கடிதத்துக்கு இருக்கும் மதிப்பே தனி.

தென்றல்_38:
போர்ச்சுகல் தன் கண்டுபிடிப்புகளை ரகசியமாக வைத்தது, அதனால்தான் பதிவில்லை என்ற வாதம் அடுத்து வரும். அதற்குப் பதில் 1486-ல் இருக்கிறது. அதே டெர்சைராவின் ஃபெர்னாவ் துல்மோ, மேற்கே இருப்பதாகக் கதைகள் சொன்ன 'ஏழு நகரத் தீவை'த் தேடச் சொந்தச் செலவில் போக அரசரிடம் பட்டயம் வாங்கினார். கூட்டாளி எஸ்ட்ரெய்ட்டோ தரவேண்டியது இரண்டு கேரவல் கப்பல்கள், ஆறு மாத உணவு. பயணம் 1487 மார்ச்சில் என்பது திட்டம். முதல் 40 நாள் துல்மோ தலைமை. பக்கத்து ஊர்க்காரர் ஏற்கெனவே போய்வந்த நிலம் என்றால் இந்த ஏற்பாடு எதற்கு?

பயணத்தால் பலன் கிடைத்ததாகப் பதிவில்லை. அசோர்ஸ் அட்சரேகையில், முக்கியமாகக் குளிர்காலத்தில், மேற்குக் காற்றுதான் அதிகம். மேற்கே போகிறவருக்கு அது எதிர்க்காற்று. கொலம்பஸ் கனாரித் தீவுகள் வரை தெற்கே இறங்கிப் பிறகு மேற்கே திரும்பியது இதனால்தான்.