ஜன்னல் மூலையில் ஏறும் விரிசல்: அஸ்திவாரம் இறங்குகிறதா, வெறும் பூச்சா?

புதுவாசல் கேட்டது:

பில்லர் இல்லாமல் 9 அங்குலச் செங்கல் சுவரே தாங்கும் தரைத்தள வீடு, கட்டி 12 வருஷம். அஸ்திவாரத்துக்கு அடியில் களிமண். சமையலறை ஜன்னலின் மேல் மூலையிலிருந்து ஒரு விரிசல் படிக்கட்டு மாதிரி ஏறி, வீட்டின் வெளி மூலைப் பக்கமாகக் கூரை வரை போகிறது. மேலே சுமார் 3 மி.மீ., ஜன்னல் பக்கம் 1 மி.மீ. அகலம். அதே அறையின் கதவு மேலே உரசுகிறது. கூடத்தில் ஸ்கர்ட்டிங்குக்கும் (சுவரடியில் ஓடும் பட்டை) தரைக்கும் நடுவில் இடுக்கு விழுந்திருக்கிறது. மொட்டை மாடி ஸ்லாபுக்குக் கீழே சுவரில் படுக்கைவாட்டில் ஒரு நீளமான கோடும் தெரிகிறது. இதில் எது அஸ்திவாரப் பிரச்சினை, எது இல்லை?

தூக்குக்குண்டு:

நாலையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இரண்டைத் தள்ளி வைத்துவிடலாம்.

ஸ்லாபுக்குக் கீழே படுக்கைவாட்டில் ஓடும் கோடு பெரும்பாலும் வெயில் வேலை. ஸ்லாப் சூட்டில் நீளும், சுவர் அவ்வளவு நீளாது, இரண்டும் சேரும் இடத்தில் பிளக்கும். அஸ்திவாரம் இறங்கினால் விரிசல் கீழ்ச்சுவரிலும் சாய்வாகத் தெரிய வேண்டும். கூரையடியில் மட்டும் நேர்கோடாக நிற்காது.

ஸ்கர்ட்டிங் இடுக்கும் அப்படித்தான். தரைக்கு அடியில் கொட்டிய நிரப்பு மண்ணைச் சரியாகத் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்காமல் விட்டால், தரை மட்டும் இறங்கும், சுவர் நின்ற இடத்தில் நிற்கும். டைல்ஸைத் தட்டிப் பாருங்கள், பொள்ளல் சத்தம் கேட்கும். இடுக்குக்கு மேலே சுவரில் விரிசல் இல்லையென்றால் அது தரை வேலை.

ஜன்னல் விரிசல்தான் விஷயம். செங்கல் இணைப்பு வழியாகப் படிப்படியாக ஏறுவது, மேலே அகலமாகிக் கீழே குறுகுவது, இரண்டும் சேர்ந்தால் சுவரின் ஒரு முனை இறங்குகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். நடுப்பகுதி இறங்கினால் இதற்கு நேர்மாறு: கீழே அகலம், மேலே குறுகல். எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பார்க்க, விரிசலுக்குச் செங்குத்தாக மனசுக்குள் ஒரு கோடு போட்டுக் கீழ்நோக்கி நீட்டுங்கள். அது காட்டும் பக்கம்தான் பெரும்பாலும் இறங்கிய பக்கம். உங்கள் விஷயத்தில் அது வெளி மூலையைக் காட்டுகிறது.

உறுதிப்படுத்த: அதே ஜன்னலின் எதிர்ப்பக்கக் கீழ் மூலையில் இன்னொரு விரிசல் கீழே இறங்குகிறதா? வெளிப்பக்கச் சுவரிலும் அதே இடத்தில் இருக்கிறதா? இரண்டு பக்கமும் இருந்தால் அது பூச்சு விரிசல் அல்ல. சந்தேகம் இருந்தால் உள்ளங்கை அளவு பூச்சைக் கொத்தி எடுத்துச் செங்கலையே பாருங்கள். வலைப்பின்னலாக எல்லாத் திசையிலும் ஓடும் ஹேர் கிராக் பூச்சு காய்ந்ததால் வருவது, அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

விரிசலுக்குள் பெயின்ட், ஒட்டடை, அழுக்கு இருந்தால் பழசு. விளிம்பு கூர்மையாகவும் உள்ளே செங்கல் நிறம் சுத்தமாகவும் இருந்தால் புதுசு, இன்னும் நகர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மட்டக்கோல்:

கதவைப் பற்றி யாரும் பேசலையே. மழைக்காலத்துல மட்டும் உரசி வெயில்ல சரியாயிடுச்சுன்னா மரம் ஊதுது, அவ்வளவுதான். ஆனா கதவை மூடிட்டு மேல் இடுக்கைப் பாருங்க. ஒரு முனையில விரல் போகுற அகலம், மறுமுனையில உரசல்னு ஆப்பு வடிவத்துல இருந்தா நிலையே கோணிடுச்சுன்னு அர்த்தம். நிலையோட இரண்டு மூலைவிட்டத்தையும் டேப்பால அளங்க, சமமா இருக்கணும். அந்தக் கதவு முன்னாடி ஒழுங்கா மூடினது உண்மைன்னா, இப்ப தெரியற வித்தியாசம் பின்னால வந்ததுதான்.

மட்டம் பார்க்க ரசமட்டம் போதாது, நீளத்துக்கு டியூப் லெவல்தான், அதாவது தண்ணி நிரப்பின டியூபோட இரண்டு முனையிலும் நிக்கிற நீர்மட்டத்தை வெச்சுப் பார்க்கறது. கண்ணாடி டியூப்ல காத்துக்குமிழ் ஒண்ணுகூட இல்லாம தண்ணி நிரப்பணும், குமிழ் இருந்தா அளவு பொய் சொல்லும். தரையை வெச்சுப் பார்க்காதீங்க, தண்ணி ஓட வாட்டம் விட்டே போட்டிருப்பாங்க. லிண்டலோட (கதவு, ஜன்னலுக்கு மேல போடற கான்கிரீட் பட்டை) அடிமட்டம், பேஸ்மட்டம் (அஸ்திவாரத்துக்கு மேல சுவர் ஆரம்பிக்கிற மட்டம்), வெளியில தெரியுற செங்கல் வரி, இதுல ஏதாவது ஒண்ணை எடுத்துக்குங்க. இதெல்லாம் கட்டும்போது மட்டம் பிடிச்சுக் கட்டினது.

களியும் மணலும்:

மேலே சொன்ன அளவை எப்படிப் புரிந்துகொள்வது என்பதற்கு ஓர் எண். ஸ்கெம்ப்டன், மெக்டொனால்டு என்ற பொறியாளர்கள் இருவரும் 1956-இல் பல கட்டடங்களை ஆராய்ந்து சொன்னது: இரண்டு புள்ளிகளுக்கு இடையே இறக்க வித்தியாசம் நீளத்தில் 300-இல் ஒரு பங்கைத் தொட்டால் சுவர் விரிசல் விட ஆரம்பிக்கும், 150-இல் ஒரு பங்கைத் தொட்டால் கட்டமைப்பே பாதிக்கப்படலாம். 3 மீட்டருக்கு 10 மி.மீ., 20 மி.மீ. என்று வரும். வீடு முழுவதும் ஒரே சீராக இறங்கினால் சுவர் பிளக்காது. வித்தியாசம்தான் பிளக்க வைக்கிறது.

களிமண் என்கிறீர்கள், அப்படியானால் காரணம் தண்ணீராகத்தான் இருக்கும். அந்த மூலையில் மழைநீர்க் குழாய் சுவரடியிலேயே கொட்டுகிறதா, கழிவுநீர்த் தொட்டி இருக்கிறதா, சுற்றுத் தளம் (வீட்டைச் சுற்றிப் போட்ட சிமென்ட் தரை) சுவரை விட்டு விலகி மழைநீர் அந்த இடுக்கில் இறங்குகிறதா என்று முதலில் பாருங்கள். குடிநீர்க் கசிவுக்கு: இரவில் எல்லாக் குழாயையும் மூடி, மேல்தொட்டியில் நீர்மட்டத்தைப் பென்சிலால் குறித்து, காலையில் பாருங்கள். இறங்கியிருந்தால் தொட்டிக்குப் பிந்திய குழாயில் எங்கோ கசிகிறது. இது சாக்கடைக் குழாய்க் கசிவைக் காட்டாது, அதைத் தனியாகச் சோதிக்க வேண்டும்.

மரமும் ஒரு காரணம். களிமண்ணில் வேர் உறிஞ்சும் நீரால் மண் சுருங்கி மூலை இறங்கும். ஆனால் பயந்துபோய் உடனே மரத்தை வெட்டிவிடாதீர்கள். வளர்ந்த மரத்தை எடுத்தால் உலர்ந்திருந்த மண் வருடக்கணக்கில் ஈரம் குடித்து ஊதும், அப்போது தரையும் சுவரும் மேலே தள்ளப்படும். அது இறக்கத்தைவிடத் தொல்லை.

களிமண்ணில் விரிசல் வறட்சியில் அகலமாகி மழையில் குறுகுவது சகஜம். அதனால் ஒரு மாதத்து அளவை வைத்து முடிவு செய்ய முடியாது, ஒரு முழு மழையும் ஒரு முழு வெயிலும் கடக்க வேண்டும்.

புதுவாசல்:

நன்றி. மழைநீர்க் குழாய் அந்த மூலையில்தான் கொட்டுகிறது. கொத்தனார் விரிசலை வெட்டி வலை அடித்துப் பூசிவிடலாம் என்கிறார். இப்போதே செய்யலாமா? அளப்பதற்கு விரிசலின் குறுக்கே கண்ணாடிப் பட்டை ஒட்டினால் போதுமா?

தூக்குக்குண்டு:

இப்போது பூசினால் விரிசல் மறையும், நகர்வு நிற்காது. பக்கத்திலேயே இன்னொன்று திறக்கும். அதைவிட, அளக்க வேண்டிய இடமே மூடிப்போகும்.

கண்ணாடிப் பட்டை உடைந்தால் நகர்ந்தது என்று தெரியும், எவ்வளவு, எந்தப் பக்கம் என்று தெரியாது. பசை விட்டுப்போனால் அதுவும் தெரியாது. மூன்று பித்தளைத் திருகுகளை முக்கோணமாக, விரிசலின் ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் ஒன்று, ஒன்றுக்கொன்று சுமார் 100 மி.மீ. தள்ளிப் பொருத்துங்கள். வெர்னியர் காலிபரால் மூன்று பக்கத்தையும் அளந்து தேதியோடு எழுதுங்கள். விலகலும் வழுக்கலும் இரண்டுமே கிடைக்கும். எப்போதும் அதிகாலையில் அளங்கள், வெயில் ஏறிய சுவரின் அளவு வேறாக இருக்கும். விரிசல் முடியும் நுனியில் குறுக்காக ஒரு பென்சில் கோடும் தேதியும் போடுங்கள்.

இதற்கிடையில் மழைநீரைக் குழாய் வைத்துச் சுவரை விட்டு விலக்குங்கள், சுற்றுத் தளத்தை வெளிப்பக்கம் வாட்டமாக்குங்கள். பல வீடுகளில் இதுவே போதும். நகர்வு நின்ற பிறகு செங்கல் இணைப்புகளில் துருப்பிடிக்காத 6 மி.மீ. முறுக்குக் கம்பியை விரிசலுக்கு இரு பக்கமும் அரை மீட்டர் நீளும்படி பதித்துத் தைத்து, பிறகு பூசலாம்.

காத்திருக்கக் கூடாத நிலைமைகளும் உண்டு: சில நாளிலேயே கண்ணுக்குத் தெரிய அகலமாவது, சுவர் தூக்குக்குண்டு நூலை விட்டு விலகிச் சாய்வது, லிண்டலோ ஸ்லாபோ சுவர் மேல் உட்கார்ந்த இடத்தில் நழுவுவது, தரைக்குக் கீழுள்ள அறையின் சுவர் நடு உயரத்தில் படுக்கைவாட்டில் பிளந்து உள்ளே புடைப்பது. இவற்றில் ஒன்று இருந்தால் அந்தப் பக்கத்தைக் காலி செய்துவிட்டுக் கட்டமைப்புப் பொறியாளரை அழையுங்கள்.

மட்டக்கோல்:

ஒண்ணு மறந்துட்டாங்க. "அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்த்துடலாம்"னு யாராவது சொன்னா மூலையில தோண்ட விடாதீங்க, ஏற்கனவே இறங்கற இடம் அது. பொறியாளர் பார்க்கணும்னு சொன்னா, மூலையை விட்டுத் தள்ளி, ஒரு சமயத்துல ஒரே குழி, அகலம் ஒரு மீட்டருக்குள்ள. அஸ்திவாரத்தோட அடிமட்டம் தெரிஞ்சதும் நிறுத்தணும், அதுக்குக் கீழ போகக் கூடாது. மழை நாள்ல வேண்டவே வேண்டாம். பார்த்து முடிச்சதும் அன்னிக்கே மண்ணை அடுக்கடுக்காப் போட்டுத் திமிசு அடிச்சு மூடிடுங்க.